ஒரே எண்ணில் நான்கு பேர்: கைப்பேசியில் யார் பெயரைப் பதிவது?

கைப்பேசித் திரையில் 'பெரியக்கா' என்று வருகிறது. எடுத்தால் பேசுவது அக்கா வீட்டுக்காரர். மறுநாள் அதே பெயரில் அழைப்பு. இம்முறை அக்கா மகன். அடுத்த வாரம் பக்கத்து வீட்டுப் பாட்டி, "ஐயா, ஒங்க அக்கா போன்லதான் பேசுறேன், ஒரு ஒதவி" என்கிறார். அக்கா மட்டும் பேசவே இல்லை.

தோட்டத்திலும் தாமானிலும் ஓர் எண்ணைப் பல பேர் பயன்படுத்துவது புதிதல்ல. முன்பு தோட்டத்துக்கே ஒரே தொலைபேசிதான். அதுவும் அலுவலகத்தில், கிராணியின் மேசைமேல். அழைப்பு வந்தால் யாராவது லயத்துக்கு ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும். பிறகு வீட்டுத் தொலைபேசி வந்தது. வீட்டுக்கு ஓர் எண். இப்போது ஆளுக்கொரு கைப்பேசி என்று பேசிக்கொள்கிறோம். ஆனால் வயதான கணவன் மனைவிக்குச் சேர்த்து ஒன்று, கடைக்கு ஒன்று, கோயில் நிர்வாகத்துக்கு ஒன்று, பள்ளி வேன் ஓட்டுநரும் அவர் மனைவியும் மாற்றி மாற்றி எடுக்கும் ஒன்று என்று பொது எண்கள் இன்னும் நிறையவே இருக்கின்றன. மருத்துவமனை, கிளினிக், தமிழ்ப்பள்ளி அலுவலகம் ஆகியவற்றின் எண்களும் இந்த வகைதான். எண் ஒன்று, பேசுபவர் பலர்.

திறன்பேசியில் உள்ள பெயர்ப் பட்டியலோ ஓர் எண்ணுக்குப் பின்னால் ஓர் ஆள் இருப்பார் என்ற எண்ணத்தில் செய்யப்பட்டது. இதனால் வருவது சில்லறைக் குழப்பம் மட்டும் என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் மோசடிக்காரர்களுக்குப் பயந்து, பெயர் தெரியாத எண்ணை எடுப்பதே இல்லை என்று நம்மில் பலர் முடிவு செய்துவிட்டோம். பதிவில் இல்லாத எண்ணிலிருந்து வரும் அழைப்பு மணி ஒலிக்காமலே போகும்படி அமைக்கும் வசதி ஐபோனில் 2019 முதல் இருக்கிறது. வெளியூரில் வேலை செய்யும் பிள்ளைகள் பெற்றோரின் கைப்பேசியில் இதை முடுக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். எண்ணம் நல்லதுதான். ஆனால் சிறப்பு மருத்துவரைப் பார்க்கும் நாள் மாறிவிட்டது என்று சொல்ல ஆஸ்பத்திரியிலிருந்து வரும் அழைப்பும் அதோடு சேர்ந்து அமுங்கிப்போகும். எந்த எண்ணை எந்தப் பெயரில் பதிந்திருக்கிறோம் என்பதை வைத்துத்தான் எந்த அழைப்பை எடுக்கிறோம் என்பது இப்போது முடிவாகிறது. அதனால் இதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையை ஒதுக்கலாம்.

போன் எப்படிப் பெயரைக் கண்டுபிடிக்கிறது?

நம் நாட்டுக் கைப்பேசிகளுக்கு வழக்கமாக அழைப்போடு வந்து சேர்வது எண் மட்டும்தான். பெயர் வருவதில்லை. வந்த எண்ணை உங்கள் பெயர்ப் பட்டியலோடு ஒப்பிட்டு, பொருந்தும் பெயரைப் போன் எடுத்துக் காட்டுகிறது. ஆகவே திரையில் தெரியும் பெயர் அழைப்பவர் அனுப்பியது அல்ல. எப்போதோ நீங்கள் எழுதி வைத்தது.

ஒப்பிடும்போது எண் முழுமையாக இருக்க வேண்டும். வெளிநாட்டுக் குறியீட்டோடு பதிந்து வைப்பது பாதுகாப்பு. மலேசிய எண்ணுக்கு இது மிக எளிது. நம் குறியீடு +60. உள்நாட்டு எண் ஏற்கெனவே 0-வில்தான் தொடங்குகிறது என்பதால், முன்னால் +6 மட்டும் சேர்த்தால் போதும்: 012 என்று தொடங்குவது +6012 ஆகிவிடும். இப்படிப் பதிந்த எண் சிங்கப்பூருக்குப் போனாலும் இந்தியாவுக்குப் போனாலும் சரியாக வேலை செய்யும்.

பெரும்பாலும் தப்பு நடப்பது வீட்டு, அலுவலகத் தொலைபேசி எண்களில். உள்ளூரில் இருந்துகொண்டு வட்டாரக் குறியீடு இல்லாமல் ஏழு எண்ணை மட்டும் எழுதி வைத்த பழக்கம் பலருக்கு இன்னும் இருக்கிறது. பேராக் பள்ளி என்றால் 05, கோலாலம்பூர், சிலாங்கூர் என்றால் 03, நெகிரி செம்பிலான், மலாக்காவுக்கு 06, ஜொகூருக்கு 07, பினாங்கு, கெடா, பெர்லிசுக்கு 04, கிழக்குக் கரைக்கு 09 என்று சேர்த்துப் பதியுங்கள். கேமரன் மலை பகாங்கில் இருந்தாலும் அங்கே 05. மூவார் ஜொகூரில் இருந்தாலும் அங்கே 06. குறியீடு விடுபட்டால் போன் அந்த எண்ணை அடையாளம் காணாமல் வெறும் எண்ணாகவே காட்டக்கூடும். நீங்களும் யாரோ என்று விட்டுவிடுவீர்கள்.

சிங்கப்பூரில் வேலை செய்யும் பிள்ளைகளின் எண்ணும் அப்படியே. எட்டு எண்ணை மட்டும் எழுதாமல் +65 சேர்த்து எழுதுங்கள். ஒரே ஆளுக்கு மலேசிய எண் ஒன்றும் சிங்கப்பூர் எண் ஒன்றும் இருந்தால் அவற்றை ஒரே பெயரின்கீழ் வைக்கலாம். ஓர் ஆளுக்குப் பல எண் இருப்பதைத் திறன்பேசி நன்றாகவே கையாளும். ஓர் எண்ணுக்குப் பல ஆள் என்னும்போதுதான் தடுமாறும்.

அம்மா பெயரிலும் அப்பா பெயரிலும் ஒரே எண்ணைப் பதிந்து வைத்தீர்கள் என்று கொள்வோம். அழைப்பு வரும்போது போன் அவற்றில் ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் காட்டும். அது நீங்கள் எதிர்பார்க்கும் பெயராக இருக்க வேண்டியதில்லை. சில போன்கள் ஒரு பெயரைக் காட்டி, 'வேறொருவராகவும் இருக்கலாம்' என்ற பொருளில் கூடவே ஒரு குறிப்புக் காட்டும். புதுப் போன் மாற்றியதும், காட்டும் பெயர் மாறிப்போவதும் உண்டு. நேற்றுவரை 'அம்மா' என்று வந்தது இன்று ஏன் 'அப்பா' என்று வருகிறது என்று திகைப்பதற்குக் காரணம் இதுதான்.

பெயர் எண்ணுக்கு, ஆளுக்கு அல்ல

இதற்கு ஒரே நல்ல தீர்வு, பொது எண்ணைப் பொது எண் என்றே பதிவது. ஒரு பொது எண் ஒரே ஒரு பதிவில்தான் இருக்க வேண்டும். அந்தப் பதிவின் பெயர் அந்த எண் எங்கே ஒலிக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். 'அம்மா' என்று ஒரு பதிவு, 'அப்பா' என்று ஒரு பதிவு, இரண்டிலும் ஒரே எண் என்பதற்குப் பதிலாக, 'வீடு - அம்மா அப்பா' என்று ஒரே பதிவு. வேன் ஓட்டுநர் பெயரில் பதியாமல் 'பள்ளி வேன்' என்று பதியுங்கள். கடைக்காரர் பெயரைவிட 'மளிகைக் கடை' என்பது நல்லது. நாளைக்குக் கடையை அவர் மகன் பார்த்துக்கொண்டாலும் அந்தப் பெயர் பொருந்தும்.

கோயில், சங்கம் போன்றவற்றில் இது இன்னும் முக்கியம். நிர்வாகம் மாறும், எண் மாறாது. பழைய செயலாளரின் பெயரில் எண்ணைப் பதிந்து வைத்திருப்பவர்களுக்குப் பதவி மாறிய பிறகும் பழையவர் பெயரே வந்துகொண்டிருக்கும். அதனால் வரும் மனத்தாங்கல்கள் நமக்குத் தெரியாதவை அல்ல. 'கோயில் - செயலாளர்' என்று பதவியை எழுதிவிட்டால் போதும்.

எந்தச் சொல்லை முதலில் எழுதுவது என்பதையும் யோசிக்க வேண்டும். அழைப்புத் திரையில் நீண்ட பெயரின் முன்பகுதிதான் தெரியும், மீதி வெட்டுப்படும். கைக்கடிகாரத் திரையிலும் காரின் திரையிலும் இன்னும் குறைவாகவே தெரியும். 'திருமதி' என்றோ 'எஸ்.' என்றோ தொடங்கினால் பயனில்லை. அழைப்பை எடுக்கும் அந்த ஒரு நொடியில் உங்களுக்கு எது தெரிய வேண்டுமோ அதுவே முதல் சொல்.

நம் மக்களுக்கு இதில் இயல்பாகவே ஒரு திறமை இருக்கிறது. மூன்று அத்தை இருக்கும் வீட்டில் கிள்ளான் அத்தை, ஈப்போ அத்தை, குளுவாங் அத்தை என்று ஊரால் பிரித்து அழைக்கிறோம். தோட்டத்தில் ஒரே பெயரில் நான்கு பேர் இருந்தால் 'பால்மரம்', 'லோரி', 'மேட்டு லயம்' என்று ஏதாவது ஓர் அடைமொழி ஒட்டிக்கொள்ளும். மணிமேகலை பாடியவரை மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் என்று எழுதினார்கள். இருந்த ஊர், செய்த தொழில், சொந்த ஊர், கடைசியில்தான் பெயர். சாத்தனார் என்ற பெயரில் பல புலவர்கள் இருந்த காலத்தில் அது தேவைப்பட்டது. 'அத்தை 1', 'அத்தை 2', 'அத்தை புது நம்பர்' என்று பதிந்து வைப்பதைவிட அந்தப் பழைய முறை எவ்வளவோ மேல்.

தமிழ் எழுத்தில் பதியலாமா என்று சிலர் கேட்பதுண்டு. தாராளமாகப் பதியலாம், இன்றைய போன்களில் தமிழ் சரியாகத் தெரியும். இரண்டு விஷயம் மட்டும் தெரிந்திருக்கட்டும். சில கார்களின் புளூடூத் திரையில் தமிழ் எழுத்து வெறும் கட்டங்களாக வரும். ஆங்கில, மலாய்ப் பெயர்களும் கலந்த பட்டியலில் தமிழ்ப் பெயர்கள் தனியாக ஒரு பக்கம் ஒதுங்கி நிற்கும். காரில் அதிகம் பேசுபவர்கள் வீட்டு எண்களை ரோமன் எழுத்தில் வைத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் தமிழிலேயே வைத்துக்கொள்ளட்டும். குறிப்பாகத் தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த பெற்றோரின் கைப்பேசியில் பிள்ளைகள் ரோமன் எழுத்தில் பதிந்துவிட்டுப் போவது சரியல்ல. அது யாருடைய கைப்பேசி?

சரிசெய்யும் முறை

முதலில் பெயர்ப் பட்டியலைத் திறங்கள். ஆங்கிலத்தில் 'கான்டாக்ட்ஸ்', மலாய் மொழியில் வைத்திருந்தால் 'கெனாலான்'. தேடும் இடத்தில் பெயரை அல்ல, பொது எண்ணின் கடைசி நான்கு எண்களைத் தட்டுங்கள். அந்த எண் எத்தனை பெயரில் இருக்கிறது என்பது தெரிந்துவிடும். ஒன்றைப் பொதுப் பதிவாக வைத்துக்கொண்டு 'எடிட்' அழுத்திப் பெயரை மாற்றுங்கள். மற்றப் பதிவுகளிலிருந்து அந்த எண்ணை மட்டும் நீக்குங்கள். ஆளை நீக்க வேண்டியதில்லை. அம்மாவுக்கென்று தனி எண் இருந்தால் அது 'அம்மா' என்ற பதிவில் அப்படியே இருக்கட்டும்.

அம்மாவுக்குத் தனி எண் இல்லை, ஆனாலும் அவர் பெயரில் ஒரு பதிவு வேண்டும், பிறந்த நாள், முகவரி எல்லாம் அதில்தான் இருக்கிறது என்றால், எண் எழுதும் இடத்தைக் காலியாக விட்டு, 'நோட்ஸ்' எனப்படும் குறிப்புப் பகுதியில் 'வீட்டு எண்ணில் அழைக்கவும்' என்று எழுதி வையுங்கள். குறிப்புப் பகுதியில் இருப்பதை அழைப்பின்போது போன் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. இந்தச் சிறு வசதி பின்னால் இன்னோர் இடத்திலும் உதவும்.

'மெர்ஜ்' என்ற பொத்தானை அவசரப்பட்டு அழுத்த வேண்டாம். கூகுள் கான்டாக்ட்சில் 'மெர்ஜ் அண்ட் ஃபிக்ஸ்' என்றும், ஐபோனில் பட்டியலின் மேலே இரட்டைப் பதிவு இருப்பதாகவும் காட்டும். ஒரே ஆளை இரண்டு முறை பதிந்திருந்தால் அவற்றை ஒன்றாக்குவதற்கான வசதி அது. இரண்டு ஆளை ஒன்றாக்குவதற்கு அல்ல. எண் ஒன்றாக இருப்பதால் மாமனாரையும் மருமகளையும் ஒன்று சேர்த்துவிட்டால் பிரித்தெடுப்பது தொல்லை. தவறுதலாகச் சேர்த்துவிட்டால், கணினியில் கூகுள் கான்டாக்ட்ஸ் பக்கத்தைத் திறந்து 'அன்டூ சேஞ்சஸ்' என்பதைத் தேடுங்கள்; 30 நாளுக்குள் என்றால் பட்டியலைப் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம்.

எவ்வளவு திருத்தியும் பழைய பெயரே வருகிறதா? பெரும்பாலும் சிம் அட்டைதான் காரணம். பழைய போன் காலத்தில் பெயர்களை சிம் அட்டையில் பதிந்தோம். அந்தப் பதிவுகள் இன்றைய போனிலும் கலந்து தெரியும். சிம் அட்டையில் பெயருக்குக் கொஞ்சம் எழுத்துக்குத்தான் இடம். தமிழ் எழுத்து என்றால் இன்னும் குறைவு. அவற்றைக் கூகுள் கணக்குக்கோ ஐகிளவுடுக்கோ ஒருமுறை மாற்றிவிட்டு, சிம் அட்டையில் இருப்பதை அழித்துவிடுவது நல்லது. மாற்றிய பிறகு அழியுங்கள். முன்பே அழித்துவிட்டுத் தேடாதீர்கள்.

எல்லாம் முடிந்ததும் அந்தப் பொது எண்ணிலிருந்து ஒருமுறை அழைக்கச் சொல்லிப் பாருங்கள். திரையில் நீங்கள் எழுதியது வந்தால் வேலை முடிந்தது.

ஆஸ்பத்திரி, பள்ளி, அலுவலகம்

பெரிய நிறுவனங்களில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். நீங்கள் அழைக்கும் பொது எண்ணும், அங்கிருந்து உங்களுக்கு அழைப்பு வரும்போது தெரியும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. மருத்துவமனைக்குப் பல இணைப்புகள் இருக்கும். எது காலியோ அதில் அழைப்பார்கள். ஆகவே சந்திப்பு அட்டையில் அச்சிட்டிருக்கும் எண்ணை மட்டும் பதிந்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. அடுத்த முறை கிளினிக் முகப்பில் நிற்கும்போது, "எந்த எண்ணிலிருந்து அழைப்பீர்கள்?" என்று தாதியரிடம் கேளுங்கள். அங்கிருந்துதான் என்று உறுதியான எண்கள் எல்லாவற்றையும் 'ஆஸ்பத்திரி' என்ற ஒரே பதிவில் சேர்த்துக்கொண்டே வாருங்கள். அழைப்பு ஒலிக்காமல் செய்யும் வசதியை வைத்திருப்பவர்களுக்கு இது கட்டாயம்.

பிரிவு எண் இருந்தால் அதையும் சேர்த்துப் பதியலாம். ஆண்ட்ராய்டில் மூன்று புள்ளிப் பட்டியலில் 'பாஸ்' என்றும் 'வெயிட்' என்றும் இரண்டு வசதி இருக்கும். ஐபோனில் எண் பதியும் இடத்தில் அடையாளக் குறி விசையில் கிடைக்கும். முன்னது சிறிது நேரம் காத்திருந்து பிரிவு எண்ணைத் தானாகவே அழுத்தும். பின்னது உங்களைக் கேட்டு அழுத்தும். இதைத் தனிப் பதிவாக வையுங்கள்: 'ஆஸ்பத்திரி - கண் பிரிவு'. முதன்மை எண் மட்டும் உள்ள பதிவு வரும் அழைப்புக்கு. பிரிவு எண் சேர்த்த பதிவு நீங்கள் அழைப்பதற்கு.

அதே நேரத்தில், ஆஸ்பத்திரியில் நீங்கள் கொடுத்து வைத்திருக்கும் உங்கள் எண் எது என்பதையும் பாருங்கள். 2021-இல் தடுப்பூசிப் பதிவின்போது பல வீடுகளில் வயதானவர்களைப் பிள்ளையின் எண்ணிலேயே சேர்த்துப் பதிந்தோம். மற்ற இடங்களிலும் இந்தப் பழக்கம் உண்டு. மகன் வேலை மாறி எண்ணும் மாறியிருந்தால் அம்மாவுக்கு வர வேண்டிய அழைப்பு எங்கேயோ போய்க்கொண்டிருக்கும். ஒரு நோயாளிக்கு இரண்டு எண் கொடுக்க முடியுமா என்று முகப்பில் கேட்டுவிடுங்கள்.

படிக்கத் தெரியாதவர்களுக்கு

பாட்டிக்குத் திரையில் என்ன எழுதியிருந்தாலும் ஒன்றுதான். அவருக்குப் படம் வேண்டும். பதிவில் ஒருவர் படத்தைப் போடாமல், பொது எண் என்றால் அந்த வீட்டார் எல்லாரும் இருக்கும் படத்தைப் போடுங்கள். பள்ளிக்குப் பள்ளி வாசல், ஆஸ்பத்திரிக்குச் சிவப்புப் பிறை, கடைக்குக் கடைப் பலகை. கண் மங்கியவர்களுக்கு ஒலி. ஒவ்வொரு பதிவுக்கும் தனி ரிங்டோன் வைக்கலாம். ஆண்ட்ராய்டில் பதிவைத் திறந்து மூன்று புள்ளியிலும், ஐபோனில் 'எடிட்' அழுத்திய பின்னும் அது கிடைக்கும். நான்கு ஐந்து ஒலிக்குமேல் வைத்தால் நினைவில் நிற்காது. ஆஸ்பத்திரிக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று, மற்றதற்கெல்லாம் ஒன்று என்பது போதும்.

வாட்ஸ்அப்பில்

வாட்ஸ்அப்பும் உங்கள் பெயர்ப் பட்டியலில் உள்ள பெயரையே காட்டும். பதிவில் இல்லாதவர் குழுவில் பேசினால் அவர் தமக்குத் தாமே வைத்துக்கொண்ட பெயர் ஓர் அலைக்குறியோடு வரும். ஓர் எண்ணைப் பகிர்ந்து பயன்படுத்துபவர்கள் அந்த இடத்தில் ஒருவர் பெயரை வைக்காமல் குடும்பப் பெயராக வைப்பது மற்றவர்களுக்கு உதவி.

அனுப்புபவரும் யோசிக்க வேண்டும். இரண்டு நீலக் குறி வந்தால் யாரோ படித்துவிட்டார் என்றுதான் பொருள். யார் படித்தார் என்பது தெரியாது. 2023 முதல் ஒரே வாட்ஸ்அப் கணக்கை ஒன்றுக்கு மேற்பட்ட கைப்பேசியில் திறந்து வைக்கவும் முடிகிறது. அத்தையின் எண்ணுக்கு அனுப்பும் செய்தி அத்தை மகளின் கைப்பேசியிலும் திறந்திருக்கலாம். பெண் பார்க்கும் பேச்சு, மருத்துவப் பரிசோதனை முடிவு, கடன் விவரம் இவற்றைப் பொது எண்ணுக்கு எழுதாமல், அழைத்து ஆளை உறுதிப்படுத்திக்கொண்டு பேசுவது நல்லது.

பெயர் வந்தால் மட்டும் நம்பலாமா?

இவ்வளவும் செய்த பிறகு ஓர் ஆபத்து கூடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். பெயர் தெரிந்தால் நாம் நம்பிவிடுகிறோம். ஆனால் அழைக்கும் எண்ணைப் போலியாகக் காட்டும் வழி மோசடிக்காரர்களுக்குத் தெரியும். போலீஸ் நிலையத்தின் எண்ணையோ வங்கியின் எண்ணையோ திரையில் வரவழைத்துப் பேசுவது மக்காவ் மோசடிக் கும்பல்களின் பழைய தந்திரம். நீங்கள் அந்த எண்ணை 'பேங்க்' என்று பதிந்து வைத்திருந்தால், மோசடிக்காரன் அழைக்கும்போதும் 'பேங்க்' என்றே காட்டும்.

வழி ஒன்றுதான். பணம், கடவுச்சொல், டிஏசி எண் என்று பேச்சு வந்தால் இணைப்பைத் துண்டித்துவிட்டு, உங்கள் பட்டியலில் உள்ள எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். வரும் அழைப்பில்தான் எண்ணைப் போலியாகக் காட்ட முடியும். நீங்கள் அழைத்தால் அது உண்மையான இடத்துக்குப் போய்ச் சேரும். 'தம்பி' என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் பணம் கேட்டு வந்தாலும் அப்படியே. குரலைக் கேட்காமல் அனுப்ப வேண்டாம். தெரியாத எண்ணாக இருந்தால் அரச மலேசியப் போலீஸ் படையின் 'செமாக் மியூல்' பக்கத்தில் அந்த எண்ணின்மேல் புகார் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கலாம். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் தாமதிக்காமல் 997-க்கு அழையுங்கள். 2022-இல் தொடங்கப்பட்ட தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண் அது. 997-ஐ இப்போதே பதிந்து வைக்கலாம்.

வங்கிக் கணக்குக்குப் பொது எண்ணைக் கொடுத்து வைப்பது வேண்டாம். டிஏசி எண் அந்தப் போனைக் கையில் வைத்திருக்கும் யாருக்கும் தெரிந்துவிடும். வீட்டுக்குள் எல்லாரும் நல்லவர்கள்தான். ஆனால் பத்து வயதுப் பேரன் கையில் விளையாடக் கிடைக்கும் கைப்பேசியும் அதுதானே.

ட்ரூகாலர், ஹூஸ்கால் போன்ற செயலிகள் பதிவில் இல்லாத எண்ணுக்கும் பெயர் காட்டும். இத்தகைய பெயர்களில் பல, பயனர்கள் கொடுத்த தகவலிலிருந்து சேர்ந்தவை. பொது எண்ணுக்கு அங்கே வரும் பெயர் அந்த வீட்டில் யாராவது ஒருவருடையதாக இருக்கலாம். எண்ணை முன்பு வைத்திருந்தவருடையதாகவும் இருக்கலாம். 'மோசடி' என்று பலர் குறித்த எண்ணை எச்சரிக்கையாகப் பார்க்க இந்தச் செயலிகள் உதவும். ஆள் யார் என்று தெரிந்துகொள்ள அவற்றை நம்ப வேண்டாம்.

இறந்தவரின் எண்

அப்பா தவறிவிட்டார். அவர் கைப்பேசியை அம்மா பயன்படுத்துகிறார். மகளின் திரையில் ஒவ்வொரு நாளும் 'அப்பா' என்று வருகிறது. சிலருக்கு அது ஆறுதல். மாற்ற மனம் வராது. சிலருக்கு ஒவ்வொரு முறையும் நெஞ்சு திடுக்கிடும். இரண்டுமே இயல்பு. எப்போது மாற்றுவது என்பதை அவரவர்தான் முடிவு செய்ய வேண்டும். மாற்றும்போது 'அம்மா - அப்பா எண்' என்று மாற்றலாம்.

எண் யார் பெயரில் இருக்கிறது என்பதைத் தள்ளிப்போட முடியாது. ப்ரீபெய்ட் சிம் அட்டைகளை அடையாள அட்டையோடு பதிவது 2006 முதல் நம் நாட்டில் கட்டாயம். அப்பா பெயரில் பதிந்த எண்ணை அம்மா தொடர்ந்து பயன்படுத்தினால், சிம் அட்டை பழுதாகி மாற்றப்போகும் அன்று சிக்கல் வரும். தொலைபேசி நிறுவனத்தின் கிளைக்கு அழைத்து, பெயர் மாற்றத்துக்கு என்னென்ன பத்திரம் வேண்டும் என்று கேட்டு, இறப்புச் சான்றிதழோடு ஒருமுறை போய்வருவது நல்லது.

யாரும் பயன்படுத்தாமல் விட்டால் என்ன ஆகும்? டாப்அப் செய்யாத ப்ரீபெய்ட் எண் காலாவதியாகும். சிறிது காலத்துக்குப் பிறகு அதே எண் வேறொருவருக்குப் போய்விடும். அந்தப் புதியவர் தெரியாமல் உங்களை அழைத்தால் திரையில் 'அப்பா' என்று வரும். வாட்ஸ்அப்பில் 'அப்பா' என்ற பெயருக்கு மேலே முன்பின் தெரியாத ஒருவர் முகம் வரும். விவரம் தெரியாமல் அதைப் பார்ப்பவருக்கு அது சின்ன அதிர்ச்சி அல்ல.

இதற்காக அப்பாவின் பதிவை அழிக்க வேண்டியதில்லை. எண் இருக்கும் இடத்திலிருந்து அதை எடுத்து, முன்பு சொன்ன குறிப்புப் பகுதியில் எழுதி வையுங்கள். பெயரும் படமும் பிறந்த நாளும் அப்படியே இருக்கும். வேறு யார் அந்த எண்ணிலிருந்து அழைத்தாலும் அவர் பெயர் வராது. எண் காலாவதியாவதற்கு முன்பே, வாட்ஸ்அப்பில் இருக்கும் அவர் குரல் பதிவுகளைத் திறந்து, ஒவ்வொன்றாக வேறொரு கைப்பேசிக்கு அனுப்பிச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.